வெள்ளிக்கிழமைக்காரி

அஃபுவா: உலக்கைய கீழ வைக்கிறியா இல்லியா?

குவாக்கு: சும்மா தொட்டுத்தானே பாத்தேன்...

அஃபுவா: தொட்டுப் பாக்க அது என்ன ஆட்டுக்குட்டியா? ஃபுஃபுக்குக் கிழங்கு இடிக்கத்தான் கடைல ஆள் போட்டிருக்கேனே. டாக்டர் என்ன சொன்னாரு? பாரம் தூக்காத, இருமாத, குதிக்காத...

குவாக்கு: சிரிக்காதன்னும் சொன்னாரு. உன்னக் கட்டிக்கிட்டு அது மட்டும்தான் முடிய மாட்டேங்குது.

அஃபுவா: உன் சிரிப்பத்தான் போன வாரம் பாத்தேனே. பட்டறைல கிரீஸ் தரையில சுருண்டு கெடந்து...

குவாக்கு: அது வாழக்கா ஒத்துக்கல.

அஃபுவா: வாழக்காயா? அடிவயித்துல குடல் பிதுங்கிக்கிட்டு கோழிமுட்ட மாதிரி நிக்குது, வாழக்காயாம்! மன்சா, நீ வாம்மா. அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. இவருகிட்ட பேசிக்கிட்டிருந்தா அடுப்புல சூப்பு வத்திடும்.

மன்சா: வணக்கம் மாமா. வணக்கம் அத்தை.

அஃபுவா: அத்தையா?

மன்சா: ஏன் அத்தை?

அஃபுவா: அவர மாமான்னு சொல்லு, தப்பில்ல. என்ன அக்கான்னு சொல்லு.

குவாக்கு: சொல்லிடும்மா. இந்தக் கடைல அக்கான்னு சொல்றவனுக்குத்தான் மீன்ல நடுத்துண்டு.

மன்சா: சரிங்கக்கா.

அஃபுவா: ஆங். இப்ப அழகா இருக்கு. இந்தா, இதச் சாப்பிட்டுக்கிட்டே பேசு.

குவாக்கு: இந்தப் பொண்ணு யாரு? எங்கேருந்து வருது?

அஃபுவா: நேத்து ராத்திரி பூரா சொன்னேனே... காதுலயே வாங்கலியா? இன்சூரன்ஸ் கம்பெனிலேருந்து வந்திருக்கா. பழசத் தூக்கிப் போட்டுட்டு நம்ம ரெண்டு பேரையும் புதுக் கம்பெனிக்கு மாத்தப் போறா.

குவாக்கு: எதுக்கு மாத்தணும்? பழைய கம்பெனிக்கு என்ன கொறச்சல்?

அஃபுவா: கேளு மன்சா, கேளு! போன வாரம் இவர டாக்சில படுக்க வெச்சு மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறேன். அங்க ஜன்னல்ல உக்காந்திருந்தவ நம்ம அட்டையத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. ‘இந்தக் கம்பெனிய நாங்க நிறுத்தி ரொம்ப நாளாச்சே’ங்கறா. நான் அங்கயே நிக்கறேன், இவரு பெஞ்சுல பல்லக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு... எனக்கு உசுரே இல்ல.

குவாக்கு: அப்புறம் தானா சரியாப் போச்சுல்ல?

அஃபுவா: டாக்டர் கைய வெச்சு உள்ள தள்ளினாரு, சரியாப் போச்சு. ‘அடுத்த தடவ தள்ளினா உள்ள போவாது, அறுத்துத்தான் ஆகணும், அதுவும் நேரத்துக்கு வரணும்’னு சொன்னாரே, அத ஏன் முழுங்கற?

மன்சா: டாக்டர் சொன்னது சரிதான் மாமா. குடல் உள்ள மாட்டிக்கிச்சுன்னா ஆபத்து. எங்க கம்பெனிய மிஷன் ஆஸ்பத்திரி ஏத்துக்கும். குடலிறக்க ஆபரேஷனுக்கு மொத்தமும் நாங்க குடுத்துடுவோம்.

குவாக்கு: எத்தன வருஷமா அவங்களோட இருக்கோம். ஒரு விசுவாசம் வேணாமா?

அஃபுவா: யாருக்கு விசுவாசம்? ஒரு தடவ அவங்க ஆஸ்பத்திரில தேதி கேட்டதுக்கு, ‘டாக்டர் வெளியூர்லேருந்து வரணும், வந்தா சொல்றோம்’னாங்க. டாக்டர் நடந்து வர்றாரா என்னன்னு தெரியல, இன்னும் வரல.

குவாக்கு: வருஷா வருஷம் குடை தர்றாங்க.

அஃபுவா: குடைய வெச்சு வயித்தத் தச்சுக்குவியா?

மன்சா: மாமா, இதுல யோசிக்க நேரம் இல்ல. பழைய அட்ட இந்த மாசத்தோட முடியுது. அது உசுரோட இருக்கறப்பவே எங்ககிட்ட மாறிட்டீங்கன்னா, உடனே ஆபரேஷன். முடிஞ்சப்புறம் வந்தீங்கன்னா புதுசா சேர்ற கணக்கு. ஒரு வருஷம் காத்திருக்கணும்.

அஃபுவா: ஒரு வருஷமா! இவரு குடல் ஒரு வருஷம் சொன்ன பேச்சு கேக்குமா?

குவாக்கு: என் குடல், உன் பேச்ச மட்டும்தான் கேக்காது.

மன்சா: அதனால இன்னிக்கே பதிஞ்சுடலாம். ஒரே ஒரு நிபந்தன. யார் பேர்ல எடுக்கறோமோ, அவருக்கு அறுபது தாண்டியிருக்கக் கூடாது. தாண்டியிருந்தா புதுசா சேத்துக்க மாட்டாங்க.

குவாக்கு: க்ஹும்... க்ஹும்...

அஃபுவா: இருமாதன்னேன்ல!

குவாக்கு: மொளகா... தொண்டைல...

அஃபுவா: உனக்கு இன்னும் தட்டே வெக்கல, எங்கேருந்து மொளகா வந்துச்சு?

மன்சா: உங்களுக்கு எத்தன வயசு மாமா?

அஃபுவா: அம்பத்தேழு. பந்து ஆடினவரு, இன்னும் ஒடம்பு கட்டு விடல பாரு. தலைமுடி மட்டும்தான் அவசரப்பட்டுடுச்சு.

மன்சா: அப்ப பிரச்சனையே இல்ல. மாமா பேர்லயே எடுத்துடலாம், அக்கா அவரோட சேர்ந்துக்குவீங்க.

குவாக்கு: பொறும்மா, பொறு. மொதல்ல இவளோடத எழுது. பொம்பளைங்களுக்குத்தான் முன்னுரிம.

அஃபுவா: என்னிக்கும் இல்லாத மரியாத...

மன்சா: சரி, அக்காவுது. முழுப் பேரு?

அஃபுவா: அஃபுவா டூஃபியே.

மன்சா: அடையாள அட்ட இருக்கா?

அஃபுவா: வீட்ல இருக்கு. எங்கயோ... அரிசி மூட்டைக்குப் பின்னாடி. அப்புறமா எடுத்துக் காட்டறேன். நீ வாயால சொல்றத எழுதிக்கோ.

மன்சா: பொறந்த தேதி?

அஃபுவா: ஏப்ரல் பதினாலு.

மன்சா: வருஷம்?

அஃபுவா: சூப்ப ஒரு தடவ கிளறிட்டு வர்றேன்...

குவாக்கு: இங்கேருந்தே சொல்லலாமே.

அஃபுவா: எழுபத்தி ஒண்ணு.

மன்சா: எழுபத்தி... ஒண்ணு. போட்டாச்சு. அம்பத்தி நாலு வயசு. அக்கா...

அஃபுவா: என்ன?

மன்சா: போன்ல தேதி போட்டா கிழமையும் கூடவே வரும். இது புதன்கிழமைன்னு காட்டுது.

அஃபுவா: காட்டட்டும்.

மன்சா: உங்க பேரு அஃபுவா ஆச்சே.

குவாக்கு: அட! ஆமா!

மன்சா: வெள்ளிக்கிழம பொறந்த பொண்ணுக்குத்தானே நம்ம ஊர்ல அஃபுவான்னு பேரு? புதன்கிழமன்னா நீங்க அக்குவான்னுல்ல இருக்கணும்?

குவாக்கு: அக்குவா! ஏய் அக்குவா! இத்தன வருஷமா நான் யாரு கூட குடும்பம் நடத்திக்கிட்டிருக்கேன்?

அஃபுவா: வாய மூடு. போன் கோளாறா இருக்கும். சீனாக்காரன் பண்ணினது, அவனுக்கு நம்ம கிழம என்ன தெரியும்?

மன்சா: என் தேதியப் போட்டுப் பாத்தேன், சரியா வருதே.

அஃபுவா: நான் நடுராத்திரில பொறந்தேன். அதான் கொஞ்சம் முன்ன பின்ன...

குவாக்கு: புதன்கிழம ராத்திரி ஆரம்பிச்சு வெள்ளிக்கிழம வரைக்குமா? உங்கம்மாவுக்குக் கோயில் கட்டணும்.

அஃபுவா: எங்க அத்த பேர எனக்கு வெச்சுட்டாங்க. அவங்க வெள்ளிக்கிழம.

மன்சா: அத்த பேரு வெச்சாலும் கிழமப் பேரு தனியா இருக்குமேக்கா... பொறந்தப்ப ஊரே அந்தப் பேரச் சொல்லித்தானே கூப்பிடும்.

அஃபுவா: எங்க ஊர்ல யாரும் படிச்சவங்க இல்ல.

குவாக்கு: கிழம எண்ணத் தெரியாத ஊரா? சந்தைக்கு எப்படிப் போனாங்க?

அஃபுவா: குவாக்கு, நீ போயி மூலக்கடைல ஐஸ் வாங்கிட்டு வா.

குவாக்கு: ஐஸ் பாரம். டாக்டர் பாரம் தூக்கக் கூடாதுன்னாரு.

அஃபுவா: அப்போ தக்காளி வாங்கிட்டு வா. நாலே நாலு.

குவாக்கு: நாலு தக்காளிதான். ஆனா மேடு ஏறணும். நான் இங்கயே உக்காந்து குடலப் பாத்துக்கறேன். நீ பேசு.

அஃபுவா: கடவுளே... மன்சா, நீ எழுபத்தி ஒண்ணுன்னே போட்டுடு. ஒரு கிழம மாறினா கம்பெனி என்ன திவாலா ஆயிடும்?

மன்சா: அப்படி இல்லக்கா. கம்பெனில இருக்கறவங்களும் நம்ம ஆளுங்கதான். பேரையும் தேதியையும் பாத்தா அவங்களுக்கும் இதே சந்தேகம்தான் வரும். ஆபரேஷனுக்கு முன்னாடி சரிபாப்பாங்க. ஒருத்தர் தேதி பொய்யின்னாலும் குடும்பத்துக்கே நிறுத்திடுவாங்க.

அஃபுவா: குடும்பத்துக்கேவா?

மன்சா: போன மாசம்தான் ஒருத்தர மயக்க ஊசி போடப் போற நேரத்துல கட்டில்லேர்ந்து இறக்கி விட்டாங்க. அவரு வயசு சரிதான். அவரு சம்சாரம் பொய் சொல்லியிருந்தது.

குவாக்கு: என்னடி, முழிக்கற?

அஃபுவா: அப்போ நான் சொல்ற தேதி தப்புன்னா, இவரு ஆபரேஷன் நிக்குமா?

மன்சா: நிக்கும்கா.

அஃபுவா: அழிச்சுட்டு எழுது. அறுபத்தி ஏழு.

மன்சா: அறுபத்தி... ஏழு. ஏப்ரல் பதினாலு. வெள்ளிக்கிழம! சரியா வந்துடுச்சு!

அஃபுவா: சத்தம் போடாத. வந்தது கிழம மட்டுமில்ல.

குவாக்கு: அறுபத்தேழுன்னா... இரு. அம்பத்தெட்டு. அப்போ நீ...

அஃபுவா: எண்ணு. வெரல் பத்தலைன்னா என்னோடதையும் எடுத்துக்க.

குவாக்கு: நீ என்னவிட ஒரு வயசு மூத்தவ!

அஃபுவா: ஆமா! போதுமா? மன்சா, இப்ப நீ என்ன அத்தைன்னே கூப்பிடு. பாட்டின்னாலும் சரி.

குவாக்கு: ஹா... ஹா... அய்யோ... வலிக்குது...

அஃபுவா: சிரி. நல்லா சிரி. சிரிச்சு குடல் வெளிய வரட்டும், அள்ளி சூப்புல போடறேன்.

குவாக்கு: ஏன்டி... எதுக்குடி?

அஃபுவா: எதுக்கா? உங்க வீட்டு ஆளுங்க பொண்ணு கேட்டு எங்க வீட்டுக் கதவத் தட்டின அன்னிக்கு, உங்கம்மா உக்காரக்கூட இல்ல. ‘பொண்ணுக்கு வயசென்ன? எங்க பையனுக்கு இருபத்தி மூணு, மூத்தவள எல்லாம் நாங்க எடுக்க மாட்டோம்’னு நின்னுக்கிட்டே சொன்னாங்க. எனக்கு அப்ப இருபத்தி நாலு. எங்க மாமா என் மூஞ்சியப் பாத்தாரு, நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். ‘இருபது’ன்னு என் வாய்தான் சொல்லிச்சு.

குவாக்கு: ஒரு வயசுதானே இடிச்சுது, நாலா கொறைக்கணும்?

அஃபுவா: கொறைக்கறதுதான் கொறைக்கறோம், கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமேன்னு...

மன்சா: க்கும்...

அஃபுவா: நீ சிரிக்காத. அன்னிலேர்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அட்டைய ஒளிச்சு வெச்சேன். கூடப் படிச்சவள எல்லாம் ஜங்ஷன்ல பாத்தா எதிர்ச் சாரிக்கு ஓடினேன். அம்பதாவது பொறந்தநாளுக்கு ஆடு வெட்டினீங்களே, அன்னிக்கு நெசமா எனக்கு அம்பத்தி நாலு. சபைல பாதிரியாரு ‘இளமையாத் தெரியறே’ன்னாரு, நான் பயத்துல கறியே சாப்பிடல.

குவாக்கு: அதான் அன்னிக்கு மொத்தத்தையும் என் தட்டுல தள்ளினியா!

அஃபுவா: உங்கம்மா போய்ச் சேந்தப்பக்கூட நெனச்சேன், இப்ப சொல்லிடலாம்னு. வாய் வரல. இத்தன நாள் ஏமாத்திட்டாளேன்னு நீ நெனச்சுட்டா?... இப்ப நெனச்சுக்க. நீ ஆஸ்பத்திரில கட்டில்லேர்ந்து இறங்கறதவிட இது எனக்குப் பெருசில்ல. ஏன், சிரிப்பு நின்னு போச்சு?

குவாக்கு: ஒண்ணுமில்ல.

மன்சா: சரி, அக்காவுது முடிஞ்சுது. இனிமே மாமா. பேரு குவாக்கு... பழைய அட்டைல நடுவுல ஒரு எழுத்து நிக்குதே.

குவாக்கு: குவாக்கு அடொமாகோ. அவ்வளவு போதும்.

மன்சா: பொறந்த தேதி?

குவாக்கு: டிசம்பர் நாலு. அறுபத்தி எட்டு.

மன்சா: புதன்கிழம! குவாக்குன்னா புதன்தானே, கரெக்டா வருது!

குவாக்கு: ஆங்... வரும்... ஏன் வராது?

அஃபுவா: சரிதான். நீயாவது உண்மையானவனா இருந்தியே. மன்சா, அந்த நடு எழுத்த ஏன் விட்ட? முழுசா எழுது. பின்னாடி அதுக்கொரு தகராறு வேணாம்.

மன்சா: என்ன எழுத்துக்கா அது?

அஃபுவா: கப்.

மன்சா: கப்பா?

அஃபுவா: குவாக்கு கப் அடொமாகோ. பந்து ஆடி கப்பா வாங்கிக் குவிச்சாராம், கூட்டாளிங்க வெச்ச பேராம். வீட்ல ஒரு கப்பும் இல்ல. டீ குடிக்கற கப்பு கூட கைப்பிடி ஒடஞ்சது.

மன்சா: அட, எங்க பெரியப்பா பேரும் கப்தான்!

குவாக்கு: அப்படியா, சந்தோஷம். அடுத்தது என்ன, டெலிபோன் நம்பரா?

மன்சா: ஆனா அவரு பந்தே ஆடினதில்ல. அவரு பொறந்த வாரம்தான் நம்ம நாடு மொதல் தடவையா ஆப்பிரிக்கக் கோப்பைய ஜெயிச்சுது. எங்க தாத்தா தல கால் புரியாம, கொழந்தைக்குக் கப்புன்னே பேரு வெச்சுட்டாரு.

குவாக்கு: சூப்பு பொங்குது பாரு...

அஃபுவா: பொங்கல. மன்சா, அது எந்த வருஷம்?

மன்சா: அறுபத்தி மூணு.

அஃபுவா: மாசம்?

மன்சா: டிசம்பர். மொத வாரம்.

அஃபுவா: டிசம்பர் மொத வாரம்... குவாக்கு.

குவாக்கு: என்னம்மா?

அஃபுவா: அம்மாங்கற? என்னிக்கு நீ என்ன அம்மான்னு கூப்பிட்டிருக்க? உன் தேதி என்ன சொன்ன?

குவாக்கு: டிசம்பர் நாலு... ஆனா அறுபத்தி எட்டு! எங்கப்பாவும் கோப்ப ஜெயிச்ச ஞாபகத்துல...

அஃபுவா: அஞ்சு வருஷம் கழிச்சா ஞாபகம் வந்துச்சு?

குவாக்கு: அவருக்கு எல்லாமே கொஞ்சம் மெதுவாத்தான்...

மன்சா: இருங்க, அறுபத்தி மூணு டிசம்பர் நாலும் போட்டுப் பாக்கறேன்... அதுவும் புதன்கிழமைதான்!

அஃபுவா: அடப்பாவி!

குவாக்கு: எங்க டீம் கோச்சுதான்... கோச்சுதான் காலண்டர எல்லாம் வெச்சுக்கிட்டுத் தேடினாரு. ‘கிழம மாறாத வருஷமா பாத்துக் கொறைக்கணும், இல்லன்னா பேரே காட்டிக் குடுத்துடும்’னாரு. வயசு கம்மியா இருந்தாத்தான் சின்னவங்க டீம்ல எடுப்பாங்க. எல்லாரும்தான் கொறைச்சோம். எங்க கோல்கீப்பருக்கு ரெண்டு பிள்ளைங்க. அப்பா ஆடறதப் பாக்க அதுங்களே வரும்.

அஃபுவா: அப்போ உனக்கு...

குவாக்கு: அறுபத்தி ரெண்டு.

அஃபுவா: அறுபத்தி ரெண்டு! நான் அம்பத்தெட்டு!

குவாக்கு: ஆமா.

அஃபுவா: நாலு வயசு நான் உனக்கு எளையவ! மொதல்லேர்ந்தே எளையவ! நெசத்துலயே எளையவ! முடிக்குச் சாயம் பூசிப் பூசி மண்டையே வெந்து போச்சு... இல்லாத ஒரு வயசுக்காக!

குவாக்கு: கத்தாத, தெருவே பாக்குது.

அஃபுவா: பாக்கட்டும். வயசு கொறைச்ச கிழவன்னு பாக்கட்டும்!

மன்சா: அக்கா... ஒரு நிமிஷம்...

அஃபுவா: என்ன?

மன்சா: மாமாவுக்கு அறுபத்தி ரெண்டுன்னா... அறுபது தாண்டிடுச்சே.

குவாக்கு: அதான். அதுக்குத்தான் பழசே போதும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பொய்யச் சொல்லிச் சேந்தா மயக்க ஊசி நேரத்துல இறக்குவாங்க. உண்மையச் சொன்னா வாசல்லயே நிறுத்துவாங்க. ரெண்டும் ஒண்ணுதான். விட்டுடும்மா மன்சா. நீ சாப்பிடு.

அஃபுவா: விட்டுடறதா? வாயக் கழுவு. மன்சா, வேற வழி இல்லியா? நீ சொல்லு, நான் யார் கால்ல விழணும்?

மன்சா: யார் கால்லயும் விழ வேணாம். அறுபதுங்கறது யார் பேர்ல எடுக்கறோமோ அவருக்குத்தான். கூடச் சேர்ற வீட்டுக்காரருக்கு அறுபத்தி அஞ்சு வரைக்கும் ஏத்துப்பாங்க. அக்கா, உங்க பேர்ல எடுத்துடலாம். மாமா உங்களோட சேர்ந்துக்குவாரு.

அஃபுவா: என் பேர்லயா?

மன்சா: உங்களுக்கு அம்பத்தெட்டு. உண்மையான அம்பத்தெட்டு. அட்ட இருக்கு, கிழமையும் சரியா இருக்கு. மாமா மட்டும் நாளைக்கே கோர்ட்டுக்குப் போயி, என் நெசமான தேதி இதுதான்னு சத்தியம் பண்ணி ஒரு பத்திரம் வாங்கிட்டு வரணும். மாசக் கடைசிக்குள்ள குடுத்துட்டா ஆபரேஷனுக்குத் தடையில்ல.

குவாக்கு: நான் இவ பேர்ல ஒட்டிக்கிட்டா? பட்டறைல தெரிஞ்சா என்ன சொல்லுவானுங்க? பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்னு...

அஃபுவா: இத்தன நாள் இந்தக் கடைல யாரு பேர்ல சாப்பிட்ட?

குவாக்கு: அது வேற.

அஃபுவா: அதேதான். போடு மன்சா.

மன்சா: போட்டாச்சு. இப்ப கடைசி வேல. பேர் குடுக்கறவங்க சம்மதத்தக் குரல்ல பதிவு பண்ணணும். நான் கேக்கறேன், நீங்க ‘சம்மதம்’னு தெளிவாச் சொல்லணும். ஆன் பண்ணிட்டேன். அஃபுவா டூஃபியே, குவாக்கு கப் அடொமாகோவ உங்க பொறுப்புல சேத்துக்க சம்மதமா?

குவாக்கு: சொல்லேன்டி.

அஃபுவா: நம்ம கல்யாணத்துல உங்க வீட்டு ஆளுங்க சீரா கொண்டாந்த சாராயப் பாட்டில, ‘உனக்குச் சம்மதமா, வாங்கிக்கலாமா’ன்னு என்ன எத்தன தடவ கேட்டாங்க?

குவாக்கு: மூணு தடவ. அதுதானே வழக்கம்.

அஃபுவா: அப்போ மூணு தடவ கேக்கட்டும். இப்பத்தானே உன்ன யாருன்னு தெரியுது.

மன்சா: அக்கா, இது பதிவாகிக்கிட்டிருக்கு...

அஃபுவா: ஆகட்டும். கம்பெனிக்காரங்களும் கேக்கட்டும். ஏய்யா, பந்துக்காகக் கொறைச்ச, சரி. பந்த விட்டு எத்தன காலமாச்சு? என்கிட்ட ஏன் மறைச்ச? வலியத் தாங்கிக்கிட்டு சுருண்டு கெடப்பியே தவிர, வயசச் சொல்ல மாட்டியா?

குவாக்கு: உன்கிட்டதான் சொல்ல முடியாது.

அஃபுவா: ஏன், நான் என்ன பேயா?

குவாக்கு: நீதான் சொன்ன.

அஃபுவா: நான் என்ன சொன்னேன்?

குவாக்கு: நீ மைதானத்து வாசல்ல ஆரஞ்சு உரிச்சு வித்துக்கிட்டிருந்தப்ப... நான் தெனமும் வந்து வாங்குவேனே.

அஃபுவா: வாங்கிட்டு ஓடிடுவ. பேச மாட்ட.

குவாக்கு: அன்னிக்குப் பேசணும்னுதான் வந்தேன். மொதல்ல நெச வயசச் சொல்லிடணும், அப்புறம் மத்தது எல்லாம்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன். எனக்கு இருபத்தெட்டு. கிட்ட வர்றப்ப நீ பக்கத்துக் கூடைக்காரிகிட்ட சொல்லிக்கிட்டிருந்த, தெருவுக்கே கேக்கற மாதிரி... ‘இருபத்தி அஞ்சு தாண்டினவனுக்கெல்லாம் நான் கழுத்த நீட்ட மாட்டேன். எனக்குச் சின்ன வயசுப் பையன்தான் வேணும்’னு.

மன்சா: அய்யோ பாவம் மாமா...

குவாக்கு: மனப்பாடம் பண்ணினது பூரா மறந்து போச்சு. ரெண்டு ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிட்டேன். அன்னிலேர்ந்து எனக்கு இருபத்தி மூணுதான். அப்புறம் எப்பச் சொல்றது? கிழவன்னு தெரிஞ்சா உனக்கு வெறுத்துப் போயிடுமோன்னு... எனக்கு குடலப் பத்திகூடப் பயமில்லடி.

மன்சா: ரெண்டாவது தடவ கேக்கறேன். சம்மதமா அக்கா?

அஃபுவா: இரு.

குவாக்கு: அழறியா?

அஃபுவா: வெங்காயம்.

குவாக்கு: வெங்காயம் இன்னும் உரிக்கவே இல்லியே.

மன்சா: மூணாவது தடவ. அஃபுவா டூஃபியே, இவர உங்க பொறுப்புல சேத்துக்க சம்மதமா?

அஃபுவா: சம்மதம்! நல்லாக் கேக்கட்டும், சம்மதம்! மடையா... டீம்ல சொன்ன வயசுப்படி என்னவிட ஒரு வயசு சின்னப் பையன், அதான் கிட்ட வந்து பேசப் பயந்துக்கிட்டு ஆரஞ்ச வாங்கிட்டு வாங்கிட்டு ஓடறான், இவன் காதுல விழட்டும், இவனுக்குத் தைரியம் வரட்டும்னு, உன்னத் தூரத்துல பாத்தப்புறம்தானே அன்னிக்கு நான் அவ்வளவு சத்தமாக் கத்தினேன்!